மூன்று வார இருமலும் மூன்று மருந்துச் சீட்டும்

சாதாரண மார்புச்சளிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஆனால் எது சாதாரணம் என்று தெரிந்திருக்க வேண்டும். கேரள எல்லைக் கிராமமான காரோட்டின் பக்கமிருந்து ஒரு பார்வை.

2020 மே மாதம். ஊரடங்கில் வெளிமாநிலங்களில் சிக்கிக்கொண்ட மலையாளிகள் ஊர் திரும்புவதற்காகக் கேரள அரசு ஆறு எல்லை வாசல்களைத் திறந்தது. அவற்றில் தென்கோடியில் இருந்தது இஞ்சிவிளை, களியக்காவிளையை ஒட்டியது. காரிலிருந்து இறங்கியவர்களின் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டி, காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டார்கள். தொண்டையில் கரகரப்பு இருந்தவர்கள்கூட இருமலை விழுங்கிக்கொண்டு நின்ற காலம் அது.

அந்தப் பதற்றம் போய்விட்டது. இருமல் போகவில்லை. இஞ்சிவிளையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காரோட்டில் இன்று யாராவது இருமினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதே இருமல் பத்தாவது நாளையும் தாண்டிப் போகும்போது வீட்டில் ஒரு விவாதம் தொடங்கும். டாக்டரை மாற்ற வேண்டுமா, மருந்தை மாற்ற வேண்டுமா? இந்த ஊரில் இரண்டுமே சுலபம். வடக்கே பாறசாலை தாலுகா மருத்துவமனை, அதற்கும் அப்பால் நெய்யாற்றின்கரை. தெற்கே எல்லையைத் தாண்டினால் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம். ஒரு பஸ் ஏறினால் மாநிலமே மாறிவிடும்.

காரோடு என்ற பெயர் இப்போது வெளியூர்க்காரர்களுக்குப் பழக்கமாகியிருப்பது கழக்கூட்டம்-காரோடு புறவழிச்சாலைப் பலகைகளால்தான். ஆனால் ஊர் பழசு, எல்லைதான் புதுசு. 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு சேர்ந்தன. தமிழர் தரப்பு கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. கோடு போட்டது காகிதத்தில். கல்யாணமும் வியாபாரமும் வைத்தியமும் கோட்டைத் தாண்டியே நடக்கின்றன.

மொழியும் அப்படித்தான். மலையாளத்தில் இருமலுக்குச் சும என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது சுமையாகக் கேட்கும். மூன்று வாரம் இருமியவருக்கு அர்த்தமும் பொருந்தும். நெஞ்சில் சளி கட்டினால் கபக்கெட்டு. பனி என்று மலையாளத்தில் சொன்னால் காய்ச்சல். தமிழில் சொன்னால் மார்கழி. ‘பனியும் சுமயும்’ என்று ஒருவர் சொல்ல, குளிர்காலத்தில் மூட்டை தூக்கிய கதை என்று புதிதாக வந்த தமிழர் புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

டாக்டர்கள் சீட்டில் எழுதுவது வேறு: அக்யூட் பிராங்கைட்டிஸ். தமிழில் சொன்னால் திடீர் மூச்சுக்கிளைக்குழல் அழற்சி. பெயர் பயமுறுத்துகிறது. விஷயம் அத்தனை பயங்கரமில்லை.

தொண்டைக்குக் கீழே இறங்கும் மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து, பிறகு மரக்கிளைபோல் பல கிளைகளாகப் பரவுகிறது. பெரிய கிளைகளின் உள்சுவரில் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் இடைவிடாமல் மேல்நோக்கி அசைந்து, தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு வைரஸ் வந்து இந்த உள்சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்குகிறது, சளி அதிகமாகச் சுரக்கிறது, துடைத்துத் தள்ளும் இழைகள் உதிர்ந்துபோகின்றன. துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்த தெருவின் நிலைதான். குப்பையை வெளியேற்ற உடலுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி இருமல்.

இந்த நோய் பெரும்பாலும் ஜலதோஷம் போலத்தான் ஆரம்பிக்கும். மூக்கில் நீர், தொண்டையில் எரிச்சல், உடம்புவலி, லேசான காய்ச்சல். மூன்று நாலு நாளில் மூக்கு அடங்கும். அப்போது இருமல் நெஞ்சுக்கு இறங்கும். முதலில் வறட்டு இருமல், பிறகு சளியோடு. இரவில் படுத்தால் கூடும். சிலருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் உரசுவது போன்ற வலி. சிலருக்கு மூச்சில் சிறு விசில் சத்தம். காய்ச்சல் முதல் சில நாட்களில் போய்விடும். இருமல் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் மாதிரி இருந்துகொண்டே இருக்கும். காரணம் எளிது: வைரஸ் ஒரு வாரத்தில் கிளம்பிவிடுகிறது. அது நாசம் செய்த சுவர் மறுபடி பூசப்படுவதற்கு இன்னும் இரண்டு வாரமாவது வேண்டும். அதுவரை குளிர்காற்று, அடுப்புப்புகை, ஒரு பலத்த சிரிப்பு, எது பட்டாலும் இருமல் கிளம்பும்.

எத்தனை நாள்? 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு கேள்விகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். இத்தகைய இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று மக்கள் நினைக்கிறார்கள்? உண்மையில் எத்தனை நாள் இருக்கிறது? மக்கள் சொன்ன பதில் ஏழு முதல் ஒன்பது நாள். அதுவரை வெளிவந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்ததில் கிடைத்த சராசரி, ஏறக்குறைய 18 நாள். ஜார்ஜியா மாநிலத்தில் கேட்ட கேள்விதான்; ஆனால் காரோட்டில் கேட்டால் பதில் மாறும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. நம் ஊர் நம்பிக்கை இன்னும் குறைவு. மருந்து சாப்பிட்டால் மூன்று நாளில் நிற்க வேண்டும்.

இந்தப் பத்து நாள் இடைவெளிதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் பக்கத்து டாக்டர். சிரப்பும் மாத்திரையும். பத்தாம் நாளும் இருமுகிறது. “இந்த டாக்டர் கைராசி சரியில்லை” என்று எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர். அவருக்கு முதல் சீட்டைக் காட்டுவதில்லை; காட்டினால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம். அவர் ஒரு ஆன்டிபயாடிக். பதினைந்தாம் நாள் உறவினர் ஒருவர் சொன்ன இன்னொரு ஆன்டிபயாடிக், நேராகக் கடையிலிருந்து. பதினெட்டாம் நாள் இருமல் நிற்கிறது. நிற்கிற நாள்தான் அது. ஆனால் பெயர் வாங்குவது கடைசி மாத்திரை. அடுத்த மழைக்காலத்தில் இருமல் வந்தால் முதல் நாளே அந்த அட்டை வெளியே வரும். பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசாகும்.

இரண்டு பருவமழையும் நனைக்கும் பூமி இது. ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம். ஆண்டுக்கு இரண்டு சளிக்காலம். அப்படியானால் அந்த அட்டை எத்தனை முறை வெளியே வரும்?

மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இந்த நோயில் ஆன்டிபயாடிக் என்ன செய்கிறது என்று பல ஆயிரம் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளைக் கூட்டிப் பார்த்தது. 18 நாள் ஓடும் இருமலில் மிச்சமானது சுமார் அரை நாள். அதற்கு விலையாகக் குமட்டல், வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு. காரணம் தெரிந்ததுதான்: பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த நோயைக் கொண்டுவருபவை வைரஸ்கள். ஃப்ளூ, ஆர்.எஸ்.வி., ரைனோ, அடினோ, கொரோனா குடும்பம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. கொசுவுக்கு எலிப்பொறி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான்.

“சளி மஞ்சளாகிவிட்டதே, பச்சையாகிவிட்டதே, இனி ஆன்டிபயாடிக் வேண்டாமா?” என்ற கேள்வி உடனே வரும். படித்தவர்களும் கேட்பார்கள், சில டாக்டர்களும் அதைத்தான் நம்புகிறார்கள். சளிக்கு நிறம் தருவது கிருமி அல்ல. கிருமியோடு சண்டையிட வந்த நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு என்சைம் பச்சை நிறமுடையது. அந்த அணுக்கள் செத்து உடையும்போது சளி நிறம் மாறுகிறது. எதிரி வைரஸானாலும் பாக்டீரியாவானாலும் நிறம் இதுதான். நல்ல உடல்நிலையில் இருந்த ஒருவருக்கு மஞ்சள் சளி மட்டும் எதற்கும் அத்தாட்சியில்லை. நெடுநாள் நுரையீரல் நோய் உள்ளவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குச் சளியின் நிறமும் அளவும் மாறுவது டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

தேவையில்லாத ஆன்டிபயாடிக் சாப்பிட்டவரோடு கணக்கு முடிந்தால் பரவாயில்லை. முடிவதில்லை. அவர் குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒவ்வொரு முறையும் பாடம் படிக்கின்றன. நாளை அவருக்கே சிறுநீர்த் தொற்றோ, அவர் பேரக்குழந்தைக்கு ரத்தத்தில் கிருமியோ வரும்போது மருந்து வேலை செய்யாமல் போகிறது. இதை இந்தியாவில் மற்ற மாநிலங்களைவிட முன்னால் கவலையாக எடுத்துக்கொண்டது கேரளம். 2018இல் மருந்துக்கு மசியாத கிருமிகளை எதிர்கொள்ள மாநில அளவில் ஒரு செயல்திட்டத்தை அறிவித்தது. அப்படி அறிவித்த முதல் மாநிலம் அதுதான். 2024 ஜனவரியில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆபரேஷன் அம்ருத் என்ற பெயரில் மருந்துக்கடைகளில் திடீர் சோதனைகளை ஆரம்பித்தது. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்ற கடைகள் நடவடிக்கைக்கு ஆளாயின. ஆன்டிபயாடிக்கை நீல நிற உறையில் போட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது, கையில் வாங்குபவருக்கு இது வேறு ரக மருந்து என்று தெரிய வேண்டும் என்பதற்காக. விற்பனை 20 முதல் 30 சதவீதம் குறைந்திருப்பதாகக் கேரள அரசு பின்னர் கூறியது.

அம்ருத்தின் அதிகாரம் இஞ்சிவிளையோடு நின்றுவிடுகிறது. சட்டம் நிற்பதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்பது அகில இந்தியச் சட்டம். அட்டவணை ‘எச்’ மருந்துகளில் அமாக்ஸிசிலினும் அசித்ரோமைசினும் அடக்கம். இன்னும் வீரியமான சிலவற்றை 2014 மார்ச் முதல் ‘எச் 1’ என்று தனியாகப் பிரித்து, யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். 2016இல் மத்திய அரசு, அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று பிரச்சாரமும் செய்தது. சிவப்புக் கோடு களியக்காவிளையிலும் சிவப்புதான். சோதனை எந்தப் பக்கம் கடுமையோ அந்தப் பக்கம் விட்டு மறுபக்கம் வாங்குவது எல்லையோர மக்களின் பழைய பழக்கம். அரிசியில் ஆரம்பித்துப் பெட்ரோல் வரை அப்படித்தான். மாத்திரையிலும் அந்த லாபத்தைத் தேடினால் நஷ்டம் வாங்குபவருக்கே.

சரி, எல்லா இருமலும் தானாகப் போகும் என்று உட்கார்ந்துவிடலாமா? கூடாது. இந்த நோய்க்கு டாக்டர் செய்யும் முக்கியமான காரியமே, இது வேறொன்றும் இல்லை என்று உறுதிப்படுத்துவதுதான்.

முதல் சந்தேகம் நிமோனியா. பிராங்கைட்டிஸ் குழல்களில் நிற்கும். நிமோனியா நுரையீரலின் காற்றறைகளுக்குள் இறங்கிவிடும். அங்கே பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டும், உடனே வேண்டும். பெரியவர்களில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100க்கு மேல், மூச்சு 24க்கு மேல், காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சின் ஒரு பகுதியில் மட்டும் மாறுபட்ட சத்தம் என்ற நான்கில் ஒன்றும் இல்லையென்றால் நிமோனியாவாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, எக்ஸ்ரேகூட வேண்டியதில்லை. வயதானவர்கள் இந்தக் கணக்குக்குள் அடங்க மாட்டார்கள். எழுபத்தைந்து தாண்டிய பாட்டிக்கு நிமோனியாவிலும் காய்ச்சலே இல்லாமல் போகலாம். சாப்பாட்டை ஒதுக்குகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்பதே முதல் அடையாளமாக இருக்கக்கூடும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிற இடம் இதுதான்.

குழந்தைகளில் ஒரு கடிகாரம் போதும். உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகக் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரும் முறை இது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு என்றால் 60ம் அதற்கு மேலும், ஒரு வயது வரை 50ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். பால் குடிக்க முடியாத குழந்தை, எழுப்பினாலும் எழாத குழந்தை, உதடு நீலம் பாரித்த குழந்தை, இவர்களுக்கும் அதேதான். இந்த எண்ணும் வேலையைச் செய்ய டாக்டர் பட்டம் தேவையில்லை. அம்மாவோ பாட்டியோ செய்யலாம். அவர்கள் செய்தால் குழந்தையும் அழாது.

இரண்டாவது சந்தேகம் காசநோய். இந்தியாவில் இருமல் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் குற்றம். தேசிய காசநோய்த் திட்டத்தின் விதி தெளிவானது: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம், கேரளத்திலும் தமிழகத்திலும். இங்கே வாசகருக்கு ஒரு குழப்பம் வரலாம். மூன்று வாரம் சாதாரணம் என்றும் சொல்கிறீர்கள், இரண்டு வாரத்தில் பரிசோதனை என்றும் சொல்கிறீர்கள், எது சரி? இரண்டும் சரி. இருமல் குறைந்துகொண்டே வந்து, காய்ச்சலும் போய், சாப்பாடு திரும்பியிருந்தாலும் பதினைந்தாம் நாள் ஒரு டப்பாவில் சளியைக் கொடுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தக் கீற்று, வீட்டில் யாருக்காவது காசநோய் என்று ஏதாவது ஒன்று இருந்தால் பதினைந்தாம் நாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

ஆன்டிபயாடிக்கின் இன்னொரு துரோகம் இங்கேதான் வருகிறது. நெஞ்சுச்சளிக்கு என்று தாராளமாக எழுதப்படும் லெவோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் தட்டி வைக்கும். ஒரு வாரம் சாப்பிட்டால் இருமல் தணியும், காய்ச்சல் விடும், நோயாளி மகிழ்ந்துபோவார். கிருமி சாகாது. சில வாரம் கழித்து மறுபடி தலைதூக்கும். அதற்குள் அவர் வீட்டில் எத்தனை பேருக்குப் பரவியிருக்கும் என்பது வேறு கணக்கு. போதாததற்கு, கடும் காசநோய்க்குப் பயன்பட வேண்டிய ஒரு மருந்து இப்படி முன்கூட்டியே மழுங்கிப்போகிறது. எச் 1 பட்டியலில் லெவோஃப்ளாக்ஸசின் இடம்பெற்றது காரணமில்லாமல் இல்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வருடத்துக்கு நாலு முறை ‘பிராங்கைட்டிஸ்’ வருகிறது, ஒவ்வொரு முறையும் விசில் சத்தம் என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். இன்ஹேலர் என்ற பெயரைக் கேட்டாலே பயப்படும் குடும்பங்களில் இது வருடக்கணக்கில் வெளிப்படாமல் இருக்கும். நெடுநாள் பீடி பிடித்தவருக்கும் விறகடுப்பில் ஊதி ஊதிச் சமைத்தவருக்கும் நிரந்தர நுரையீரல் அடைப்பு நோய் இருக்கலாம். சிலருக்கு இருமலே மருந்தால் வருவது: ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் ஒரு சிலரிடம் வறட்டு இருமலைக் கிளப்பும். அந்த இருமலுக்கு எத்தனை சிரப் குடித்தும் பயனில்லை. தானாக நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றிவிடுவார்.

இவை எதுவும் இல்லை, வெறும் பிராங்கைட்டிஸ்தான் என்று உறுதியானால் என்ன செய்வது? காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால். ஓய்வு. வெந்நீரோ கஞ்சியோ, தாகம் எடுக்காமலே அடிக்கடி. படுக்கும்போது தலையணையைச் சற்று உயர்த்துவது. இரவில் ஒரு ஸ்பூன் தேன். குழந்தைகளின் இரவு இருமலில் அது ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. அரிதாக அதில் இருக்கும் ஒரு கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் நரம்பு மண்டலத்தையே முடக்கிவிடும்.

சுக்குக் காப்பிக்கு இந்தப் பக்கத்தில் இரு மாநிலமும் ஒரே மனது. நோயைக் குணமாக்கும் என்று யாரும் நிரூபித்ததில்லை. சூடும் காரமும் தொண்டைக்கு இதம் என்பதை நிரூபிக்க வேண்டியதும் இல்லை. வேலியோரம் நிற்கும் ஆடாதோடைக்கு, மலையாளத்தில் ஆடலோடகம், இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு. அதன் இலையிலிருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்ஸின் என்ற மருந்தை வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். சளியை இளக்குவதாகச் சொல்லும் பல சிரப்புகளின் லேபிளில் இருக்கும் அம்ப்ராக்ஸால் அதன் வாரிசு. அட்டைப்பெட்டி நவீனம்; வேர் வேலிக்குள். ஆனால் இந்த நோயில் அந்தச் சிரப்புகளின் பலன் சுமார்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகம் தரலாம். குழந்தையைப் போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்கார வைப்பது தீக்காயத்துக்கு வழி. நெபுலைசரும் எல்லோருக்கும் தேவையில்லை. விசில் சத்தம் உள்ளவர்களுக்கு மட்டும். ஸ்டீராய்டு மாத்திரை பற்றி 2017இல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று முடிவு சொல்லிவிட்டது: ஆஸ்துமா இல்லாதவரின் மார்புச்சளியில் அது ஒரு பலனும் தரவில்லை.

சிரப் விஷயத்தில் 2025 ஒரு கொடூரமான பாடம் நடத்தியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளி இருமலுக்கு மருந்து குடித்த குழந்தைகளின் சிறுநீரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசின் ஆய்வுக்கூடம் பரிசோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படும் விஷம். அக்டோபரில் தமிழகமும் கேரளமும் அந்தச் சிரப்பின் விற்பனையை நிறுத்தின. அந்தக் குழந்தைகளில் பலருக்கு வந்தது சில நாளில் தானாகப் போயிருக்கக்கூடிய சளிதான் என்பதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. அதற்கும் முன்பே, 2023 டிசம்பரில், குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டிருந்தார். லேபிளில் அதை அச்சிட வேண்டும் என்பதும் உத்தரவு. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இருமலை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்ற ஆசையே யோசிக்க வேண்டியது. இதற்குச் சாட்சியாக ஒருவர் இந்த வட்டாரத்திலேயே வாழ்ந்திருக்கிறார். பாறசாலைக்கு வடக்கே காரக்கோணத்தில் இருக்கும் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான்: டாக்டர் சாமர்வெல். 1922இல் எவரெஸ்ட் பயணக் குழுவில் வந்த ஆங்கிலேய சர்ஜன், அதன் பிறகு அன்றைய திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் சேர்ந்து, பல ஆண்டுகளை அங்கேயே கழித்தவர். 1924 ஜூன் 4ஆம் தேதி ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் நார்ட்டனோடு எவரெஸ்ட்டில் 28,000 அடி உயரத்தை நெருங்கியபோது, அவரை நிறுத்தியது கால் அல்ல, தொண்டை. நாள்கணக்கில் குளிர்ந்து உலர்ந்த காற்றை இழுத்து இருமி இருமித் தொண்டை புண்ணாகியிருந்தது. இறங்கும் வழியில் ஏதோ ஒன்று குரல்வளையில் அடைத்தது. மூச்சும் போகவில்லை, குரலும் எழவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த நார்ட்டனுக்குத் தெரியவே இல்லை. பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் தன் நெஞ்சை அழுத்தி ஒரு இருமல். அடைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது: குரல்வளையின் உரிந்துபோன உட்தோல். அவரைப் பிழைக்க வைத்தது அந்த ஒரு இருமல்.

சாமர்வெல்லுக்கு வந்தது பிராங்கைட்டிஸ் அல்ல. ஆனால் இருமல் எதற்காக இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் அனுபவித்திருக்க முடியாது. சளியோடு வரும் இருமலை அடக்கும் மருந்தால் அமுக்குவது சாக்கடையை மண் போட்டு மூடுவது போல. தூக்கத்தைக் கெடுக்கும் வறட்டு இருமலுக்குப் பெரியவர்கள் சில நாள் அப்படிப்பட்ட மருந்தை டாக்டர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

வராமல் தடுக்க முடியுமா என்றால் முழுதாக முடியாது; பாதியாவது முடியும். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகையை நிறுத்துவது முதல் வேலை. ஈர விறகு வைத்து ஊதும் அடுப்படிக்கு ஒரு ஜன்னல். இருமும்போது முழங்கைக்குள் இருமுவது, கை கழுவுவது என்று 2020இல் படித்து 2022இல் மறந்துபோனவை. அறுபத்தைந்து தாண்டியவர்களும் சர்க்கரை, இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களும் வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்கலாம். குழந்தைகளுக்கு நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இருக்கிறது. தவறவிடாமல் போட்டால் போதும்.

எல்லைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ இரண்டாவது டாக்டரைப் பார்ப்பதில் தவறில்லை. நோயாளியின் உரிமை அது. போகும்போது முதல் டாக்டரின் ஓ.பி. சீட்டையும் சாப்பிட்டு முடித்த மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். சீட்டு மலையாளத்தில் பேசும் டாக்டர் எழுதியதா தமிழில் பேசுபவர் எழுதியதா என்பது பிரச்சினையே இல்லை. மருந்தின் பெயரை இருவரும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். இருமல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்பதை அந்தச் சீட்டின் பின்பக்கம் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டாம் நாளா இருபத்திரண்டாம் நாளா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து எழுதப்போவது தேனா, சளிப் பரிசோதனையா என்று அவர் முடிவு செய்வார்.